தண்ணி ஊத்திப் பாருங்க தம்பி

இல்ல தம்பி, அது கீறல் இல்ல. நகத்தால தடவிப் பாருங்க. விரல் நுனிய நம்பாதீங்க, நகத்துக்குத்தான் உள்ளது தெரியும். தட்டுதா? தட்டலைல்ல. அது ஒரு கொசு. கடைசியா மேல்பூச்சு கிளியர் அடிக்கும்போது பறந்து வந்து உக்காந்துருச்சு. எடுக்கப் போனா றெக்க ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்னு இழுத்துக்கும், பெயிண்டும் போயிடும். சரி கெடன்னு விட்டுட்டேன். அது பாட்டுக்கு ஒரு ரேஸ் பாத்துட்டுப் போகட்டும்.

நிதானமா பாருங்க, எனக்கு அவசரம் இல்ல. எனக்குப் பின்னாடியும் யாரும் இல்ல. எல்லாரும் போகட்டும்னுதான் ஒதுங்கி நின்னேன். ஓட்டுறவங்களுக்கு இப்பக் கூட்டம் நடக்குதுல்ல, எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. லயனல் அடோனிஸ், எழுபத்திரெண்டாம் நம்பரு. நான் மோரீன். ரேஸ் பைக்கத் தள்ளிட்டு வந்து காட்டி, உங்க பச்ச ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போறது எப்பவும் என் வேலதான். அவரு வந்தா பேச்சு வளந்துரும். ஒரு தடவ பேசில் அண்ணன் செயினத் தொட்டுட்டு கொஞ்சம் தொய்வா இருக்கேன்னாரு. அம்புட்டுதான். கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழனா நின்ன மனுஷன், அவர்கிட்ட ஒரு மாசம் பேசல இவரு.

பேசில் அண்ணனத் தெரியாதா? உங்களுக்கு முன்னாடி இந்தக் கொட்டாயில வண்டி சோதிச்சுப் பாத்தவரு. முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்காரு. நீங்க எந்த ஊரு? ஜோஹானஸ்பர்க்கா. அதான் பல்லு தந்தியடிக்குது. அங்க காஞ்ச குளிரு, எங்க கேப் டவுன்ல ஈரக் குளிரு, எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கும். இந்தாங்க, சமூசா எடுத்துக்குங்க. லஞ்சமெல்லாம் இல்ல, பக்கத்துக் கூடாரத்துல குடுத்தது. சூடு போறதுக்குள்ள தின்னுருங்க.

அந்த இடப் பக்கத்துக் கவரா? அது நல்லா இருக்குன்னு நீங்க சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போன ரேஸ் முடிஞ்சு வந்தப்போ அது கவரா இல்ல, ஒரு சாக்குல இருந்துச்சு. கூட்டிப் பெருக்கி அள்ளிட்டு வந்தாரு. துண்டெல்லாம் மேசையில பரப்பி, எது எங்கன்னு அடுக்கி, பின்பக்கமா டேப் போட்டுப் பிடிச்சு, விரிசல் முடியிற எடத்துல எல்லாம் சின்னதா ஒரு ஓட்ட போட்டேன். ஓட்ட போட்டாத்தான் விரிசல் அங்கயே நிக்கும், இல்லைன்னா ஓடிக்கிட்டே இருக்கும். அப்பறம் உள்பக்கத்தத் தேச்சு, கண்ணாடி நாரு மேட் போட்டு, ரெசின் ஊத்தி, உருளையால காத்த வெளிய தள்ளி, வெளிப்பக்கம் பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாளு. என்ன, ரெண்டு வாரம் சோறு திங்கும்போதும் கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பச்சத் தண்ணியில கழுவணும் தம்பி, சுடுதண்ணி பட்டா அந்தக் கண்ணாடித் தூளு இன்னும் உள்ள போயிரும். எங்க கல்யாண போட்டோவுல பாத்தீங்கன்னா நான் முழங்கையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பேன்.

எனக்குப் பகல்ல துறைமுகத்துல படகு கட்டுற யார்டுல வேல. சாயங்காலம் வீட்டு கராஜுல இது. ரெண்டும் ஒரே வேலதான். அங்க தண்ணி உள்ள வரக்கூடாது, இங்க எண்ணெய் வெளிய போகக்கூடாது. நீலம் எப்புடி இருக்கு? அது ஒரு பெரிய மனுஷனோட படகுக்கு வாங்குன பெயிண்டு, மிச்சம் இருந்துச்சு. அந்த ஆளோட படகும் லயனலும் ஒரே நிறத்துல அலையுறாங்க. அந்த ஆளு படகு இன்னும் முங்கல.

இந்தக் கூடாரத்துல எந்த வண்டிய வேணா பாருங்க, பாதி என் கை பட்டதுதான். விழுந்தவங்க எல்லாரும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, அப்பறம் எங்க வீட்டுக்கு வருவாங்க. சில பேரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே வந்துருவாங்க. வந்து எல்லாரும் ஒரே கததான் சொல்லுவாங்க. நான் பாட்டுக்கு என் லைன்ல போயிட்டிருந்தேன் மோரீன், அவன் வந்து இடிச்சுட்டான். இடிச்சவன் அடுத்த நாள் வருவான், அவனும் அதே கத. நான் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு துண்டப் பாப்பேன். எந்தப் பக்கம் நசுங்கிருக்கு, எங்க கறுப்பு ஏறியிருக்குன்னு பாத்தா யாரு யாரு மேல போனாங்கன்னு தெரிஞ்சுரும். யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லி என்ன, எனக்கு ரெண்டு பேரும் வேணும்.

லயனலும் அதே கதயத்தான் சொன்னாரு. அந்த ஃபைரூஸ் பொண்ணு வந்து இடிச்சுருச்சுன்னு. அத்லோன்ல ரொட்டிக் கட வச்சிருக்காரே, அவரு மக. பத்தொம்போது வயசு இருக்கும், நாப்பத்தஞ்சு கிலோ இருப்பா. நல்லா ஓட்டுவா. புல்லுல உருண்டு போயி மணிக்கட்டு பெசகிருச்சு. கட்டுப் போட்ட கையோட மறுநாள் எங்க வீட்டு வாசல்ல நிக்கிறா, ஒரு டப்பா கோக்சிஸ்டர் பலகாரத்தோட. மன்னிச்சிருங்க ஆன்ட்டி, நான்தான் அங்கிள் கிட்டக்க வந்துட்டேன் போலன்னு அழுவுறா. அவ கவரையும் வாங்கி வச்சேன். ரெண்டு வண்டித் துண்டும் ஒரே மேசையில.

அடுக்கிப் பாத்தேன். லயனலோட கவர்ல முன் மூக்குக்குப் பக்கத்துல கறுப்பா வட்டமா ஒரு தேய்ப்பு. அது அவ பின் டயரு. பின் டயரு இவரு மூக்குகிட்ட இருக்குன்னா என்ன அர்த்தம்? அவ முழுசா முன்னாடி போயிட்டா. ஒளிஞ்சு வரல, பதுங்கி வரல. பட்டப் பகல்ல, இடப் பக்கத்துல, ஒரு முழு வண்டி. இவரு அது மேல அப்படியே சாஞ்சிருக்காரு.

பொய் சொன்னாருன்னு சொல்ல வரல. பொய் சொன்னா அவருக்கு மூக்கு விடைக்கும், அது விடைக்கல. அவ வந்து இடிச்சான்னுதான் அவரு நெசமாவே நெனச்சுக்கிட்டிருக்காரு.

இருங்க, சொல்றேன். அவசரம் இல்லன்னீங்கல்ல. நீங்க சொல்லலையா? சரி, நான்தான் சொன்னேன்.

ரெசின் எறுகுறதுக்கு அதுல ஹார்ட்னர் சொட்டு விடுறது மட்டும் எப்பவும் லயனல்தான். நான் மேட் வெட்டிக்கிட்டிருப்பேன், அவரு கப்ப வச்சு எண்ணி எண்ணி விடுவாரு. அதுல அவருக்கு ஒரு பெரும. கப்புன்னா நெசமாவே கப்புதான், ரெண்டாம் எடத்துக்குக் குடுத்ததெல்லாம் அதுக்குத்தான் வச்சிருக்கோம். வருஷா வருஷம் ரெண்டாம் எடம். எங்ககிட்ட பிரஷ் ஊறப் போடுறதுக்குப் பஞ்சமே இல்ல. அன்னிக்கி ஊத்தி ஒட்டிட்டுப் படுத்தோம். காலையில போயித் தொட்டா ஜாம் மாதிரி ஒட்டுது. மறுநாளும் ஜாமு. ரெசின் மட்டம்னு அந்தக் கடக்காரன போன்ல கிழிகிழின்னு கிழிச்சுட்டேன் நான். அப்பறம் மேசையத் தொடைக்கப் போனா, கப்பு இருந்த எடத்துக்குப் பக்கத்துல பலகை வெந்து போயிருக்கு. சொட்டு சொட்டா, வரிசையா, ஒழுங்கா விட்டிருக்காரு. கப்புக்குள்ள விடல, ரெண்டு விரக்கட தள்ளி மேசையில விட்டிருக்காரு. ஒரு கண்ணால பாத்தா கிட்ட எது எட்ட எதுன்னு தெரியாது தம்பி. நீங்களும் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஊசியில நூலு கோத்துப் பாருங்க.

கடக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அது வேற விஷயம்.

அன்னிக்கி ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு இடப் பக்கமா உக்காந்து நாக்க நீட்டுனேன். இல்ல தம்பி, சிரிக்காதீங்க. இவ்வளவு நீளம் நீட்டுனேன். அவரு பாட்டுக்கு ஸ்னூக் மீன்ல முள்ளு எடுத்துக்கிட்டிருக்காரு. கண்ண உருட்டுனேன். காத ஆட்டுற மாதிரி கைய வச்சு ஆட்டுனேன். ம்ஹூம். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் மூஞ்சியக் கொஞ்சம் சுளிச்சாலே என்னடி, இப்ப என்னன்னு கேக்குற மனுஷன். மறுநாளும் நீட்டுனேன். ஒரு வாரம் நீட்டிக்கிட்டே இருந்தேன், எதாவது ஒரு நாள் திட்டுவாரு, திட்டுனா நல்லாருக்குமேன்னு. கடைசி நாள் எழுந்து கராஜுக்குப் போயி உக்காந்து அழுதேன். ஏன் கண்ணு செவந்திருக்குன்னாரு. ரெசின் புகைன்னேன். நம்பிட்டாரு.

தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாமயா பின்ன, அவரு கண்ணுதான? ரேஸ் லைசென்சுக்குக் கண்ணு சோதிக்கிற எடத்துல சொவத்துல எழுத்து மாட்டிருக்கும்ல, கீழ போகப் போகச் சின்னதாகுமே, அத ஒரு நாள் குளிச்சுக்கிட்டே பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டிருந்தாரு. பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். இ, எஃப், பி, டி, ஓ, இசட். நல்லா ராகமா வேற. எங்க சர்ச்சுல பாடுற மாதிரியே இருந்துச்சு.

நேராவே கேட்டிருக்கலாம்தான். கேட்டு? இல்லன்னு சொல்லுவாரு. இவ்வளவு பெரிய விஷயத்துல என்கிட்ட வேணும்னே ஒரு பொய் சொன்ன மாதிரி ஆகும், அப்பறம் அத நாங்க ரெண்டு பேரும் வீட்டுல வச்சுக்கிட்டே பொழங்கணும். கவர ஒட்டித் தர மாட்டேன்னு சொல்லிருக்கலாம்தான். நான் ஒட்டலைன்னா வேற எவனாவது ஒட்டிக் குடுப்பான், அதும் மட்டமா.

டாக்டர்கிட்ட சொல்லணுமா? அந்தக் கூடாரத்துலயா? எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க தம்பி. உக்காருங்க. கண்ணுன்னு ஒரு வார்த்த பேப்பர்ல ஏறுச்சுன்னா மத்தியானத்துக்குள்ள இந்த டிராக் முழுக்கத் தெரிஞ்சுரும். லயனல் அடோனிஸ் குருடன், அந்தச் சின்னப் பொண்ண அவன்தான் தள்ளி விட்டான்னு. அவரு கொணத்துக்கு அது போதும், மறுபடி இந்த கேட்டுக்குள்ள வர மாட்டாரு. ரேஸ் முடிஞ்சு எல்லாரும் சுட்ட கறி திங்கிற எடத்துக்கு, வேடிக்க பாக்கக்கூட வர மாட்டாரு. அவருக்குத் துறைமுகத்துல மீன் எட போடுற வேல, அதுக்கு ஒரு கண்ணு போதும். ஆனா மனுஷனுக்கு அந்த வேல மட்டும் போதாதுல்ல.

இன்னிக்கி என்னன்னு உங்களுக்கே தெரியும். புள்ளியில அவருதான் மேல. இத்தன வருஷத்துல மொத தடவ. இன்னிக்கி ஓட்டி முடிச்சா போதும், ஜெயிக்கக்கூட வேணாம், பட்டம் அவருக்கு. அலமாரியில எடம் ஒதுக்கி வச்சிருக்காரு. அந்தக் கப்புல மட்டும் ரெசின் ஊத்தக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.

எனக்கும் அந்தக் கப்பு வேணும் தம்பி. அவர விட எனக்குத்தான் அதிகமா வேணும். எத்தன தடவ அவரப் பொறுக்கி ஒட்டிருக்கேன் நான்.

ஆனா காலையில யாரு எங்க நிக்கணும்னு சொன்னாங்கல்ல. லயனல் ரெண்டாவது வரிச. அவருக்கு இடப் பக்கத்துல ஃபைரூஸ். மணிக்கட்டுல இன்னும் கட்டுப் பிரிக்கல, கையுறைக்குள்ள போட்டிருக்கா. செவப்பு வெளக்கு அணைஞ்சதும் எல்லாரும் ஒண்ணா கெளம்பி அந்த மொத வளைவுக்குப் போவாங்க. இவரு அவ இல்லவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இடப் பக்கமாத் திரும்புவாரு. அவளோட அப்பா அங்க வேலிகிட்ட நிக்கிறாரு பாருங்க, வெள்ளத் தொப்பி. காலையில எனக்கு ரொட்டி குடுத்தாரு. என் மக கவர புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களேன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு.

சரி. அடித்தொட்டிய இன்னும் பாக்கலையே நீங்க.

அதான், எஞ்சினுக்குக் கீழ இருக்குற அந்தத் தொட்டி. எஞ்சின் வெடிச்சா எண்ணெய் ரோட்டுல கொட்டாம அதுலதான் நிக்கணும்னு சட்டம் இருக்குல்ல. தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டணும். தெரியும், பேசில் அண்ணன் என் தொட்டியில ஒரு நாளும் ஊத்திப் பாத்ததில்ல. மோரீன் ஒட்டுனதுன்னா குனியக்கூட மாட்டாரு. நான் பண்ணுனது எதுவும் இந்தக் கொட்டாயிலருந்து திரும்பிப் போனதில்ல, ஒரு துண்டுகூட. அது உங்ககிட்டயும் சொல்லி அனுப்பிருப்பாங்க. இருக்கட்டும். நீங்க புதுசு, நீங்க ஊத்திப் பாருங்க. இந்தாங்க, பாட்டில்ல தண்ணி நானே கொண்டாந்திருக்கேன்.

முழுசா ஊத்துங்க. ம்.

கொஞ்சம் பொறுங்க, மெதுவாத்தான் வரும்.

ஆமா, ஒழுகுது.

தொடைக்க வேணாம், விடுங்க, ஒழுகட்டும். நான்தான் போட்டேன். காலையில அவரு பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தப்ப, சின்ன டிரில்லு வச்சு, மடிப்புக்குள்ள, வெளிய தெரியாத மாதிரி. என் கையால ஓட்ட போட்டு அடைக்காம விட்டது அது ஒண்ணுதான். உங்களுக்குப் புரியாது, பரவால்ல.

டேப் ஒட்டிக்கிறேன்னு கேப்பாரு. டேப்பு செல்லாதுன்னு சொல்லுங்க, நெசமாவே செல்லாது, நான் சட்டத்தப் படிச்சுட்டேன். ரெசின் போட்டு அடைக்கிறேன்னு கேப்பாரு. ஹார்ட்னர் பாட்டில நான் வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். மத்தவங்ககிட்ட இருந்தாலும் இந்தக் குளிருக்கு ரெசின் எறுகுறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சுரும். வேற தொட்டி மாத்துறேம்பாரு. இதே வண்டி இன்னும் ரெண்டு பேருகிட்ட இருக்கு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தொட்டி கூடுதலா வச்சிருப்பாங்க. அந்த ரெண்டையும் ஓசியில பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு போன வாரமே வாங்கிட்டேன். எங்க வீட்டுல காஞ்சுக்கிட்டு இருக்கு. நல்லா வந்திருக்கு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச.

அதனால நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம். ஒழுகுது, ஒழுகுதுன்னு எழுதுங்க. அது உங்க வேலதான.

நாளான்னிக்கு திங்கக்கெழம கண்ணு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். என் கண்ணுக்குன்னு சொல்லிருக்கேன். எனக்குக் கொஞ்ச நாளா மங்கலா இருக்கு லயனல், தனியாப் போக பயமா இருக்கு, நீங்களும் வாங்க, கூட உக்காந்து நீங்களும் ஒரு தடவ காட்டிக்கிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்னேன். உனக்கான்னாரு. அப்பறம் ரொம்ப நேரம் என்னயவே பாத்துக்கிட்டிருந்தாரு, வலக் கண்ணு என் பக்கம் வர்ற மாதிரி மூஞ்சிய இப்புடித் திருப்பி வச்சுக்கிட்டு. சரி வர்றேன்னுட்டாரு.

கூட்டம் முடிஞ்சிருச்சு, அந்தா வர்றாரு. நீலச் சட்டக்காரரு. எல்லாரும் கூட வர்றாங்க, நல்லதாப் போச்சு. ஃபைரூஸும் வர்றா. தம்பி, எனக்கு ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. அவரு கிட்ட வந்ததும் என்னயக் கொஞ்சம் சத்தமாவே கேளுங்க, எல்லாருக்கும் கேக்கணும். ஏம்மா, இவ்வளவு பெரிய ஓட்ட உங்களுக்குத் தெரியலையான்னு கேளுங்க. எனக்குக் கண்ணு தெரியல தம்பின்னு நான் சொல்லிக்கிறேன்.